தட்டச்சில் அடங்காத ஆறாவது நிரல்

மகனே,

உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி இங்கே ஒரு குறையுமில்லை. உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. வழக்கம்போல் அப்பாதான் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த உன்னைக் கூப்பிட்டு, கப்பலில் வரும் அபாயமான பொருள்களின் பட்டியல் புத்தகத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்களாம். அடுத்த மாதம் பரீட்சையாம். தேறினால், எந்தச் சரக்கை எந்த வண்டியில் ஏற்றலாம் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையாம். இவ்வளவுக்கும் அப்பாவின் நெஞ்சு ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. "பாத்தியா, எம்மவன் கையெழுத்து போடப்போறான், இனிமே ஒருத்தன் லொறிய எடுக்கணும்னா அவன கேட்டுத்தான் எடுக்கணும்" என்று என்னமோ கவர்னர் வேலை கிடைத்ததைப் போலத் துள்ளினார்.

அடுத்த வரியை வாசித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "புத்தகத்துல ஆறு நிரல் இருக்கும்மா. அஞ்ச பாடமாக்கிட்டேன். எதோட எதச் சேர்த்து ஏத்தக் கூடாதுன்னு சொல்ற கடைசி நிரல் மட்டும் ஒரே குழப்பம். அத விட்டாலும் பாஸ் மார்க் வந்துரும். விட்டுடலாம்னு இருக்கேன்." அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். "எழுதிறாத புள்ள, பழைய கதைய எதுக்குக் கிளறணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எழுதுகிறேன். உன் அறையில் இருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டு. எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய வயதில் வெட்கப்பட்டு முடித்துவிட்டேன்.

உன் அம்மாவின் வளைகாப்பு பசறையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நடந்தது என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் உன் அப்பா அந்தக் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்கவைப்பார். லொறி பழுதாகிவிட்டது, நேரம் போய்விட்டது, ஆகவே சொந்தக்காரர்கள் எல்லாரும் பசறைக்கே வந்துவிட்டார்கள் என்பார். நீயும் சின்ன வயதில் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பாய். அந்த லொறிக்கு அன்றைக்கு ஒரு பழுதும் இல்லை, ராசா. பழுது என்னிடம் இருந்தது. கட்டிய பெண்டாட்டியைச் சபையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று உன் அப்பா இத்தனை வருடமாக நல்ல லொறியின் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு நான் அந்த லொறிக்கு நியாயம் செய்யப்போகிறேன்.

நான் கல்யாணமான புதிதில் பதுளை பஜாரில் ஒரு லொறி சேர்விஸ் கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். ரயிலில் வந்து இறங்கும் சாமான்களை ஸ்டேசனில் எடுத்து, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடையின் தொழில். உன் அப்பா அங்கே சாரதி. முதலாளி முஸ்லிம் ஆள், தங்கமான மனிதர், ஆனால் இங்கிலீசு என்றால் எட்டடி தள்ளி நிற்பார். ஒருநாள் ஸ்டேசனிலிருந்து இங்கிலீசில் ஒரு பட்டியல் வந்தது. எரிகிற, வெடிக்கிற, அரிக்கிற, நஞ்சான சாமான்கள் இன்னின்ன, அவற்றை இன்னின்னபடி கட்ட வேண்டும், ஏற்ற வேண்டும் என்று சட்டம். முதலாளி அதை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வந்து, "புள்ள, இத தமிழாக்கி அடிச்சித் தாங்க. சாரதிமார் எல்லாரும் பாக்குற மாதிரி சுவத்துல ஒட்டோணும்" என்றார்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எனக்கா பயம்? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் அடித்தேன். நீ இப்போது தலையைப் பிய்த்துக்கொள்வதை நான் உனக்கு முன்பே பிய்த்துவிட்டேன் என்று தெரிந்துகொள். முதல் நிரலில் எண். இரண்டாவதில் பெயர். மூன்றாவதில் வகுப்பு. நான்காவதில் அது எவ்வளவு பொல்லாதது என்ற தரம். ஐந்தாவதில் எதில் அடைத்துக் கட்ட வேண்டும் என்பது. நீ பக்கம் ஒன்றைப் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறாயே, உன் புத்தகத்திலும் ஏறக்குறைய அதே ஒழுங்குதான். இருபது வருடத்தில் புத்தகம் பருத்திருக்கிறது, குணம் மாறவில்லை. என்னைப் போலத்தான்.

பெயர் என்றால் அந்தப் பொருளின் உண்மையான பெயர், அதைக் கொடுக்கிறவன் சொல்கிற பெயர் அல்ல. இதை எனக்குப் படிப்பித்தவர் பஜாரில் நகை செய்கிற ஓர் ஆசாரி. பண்டாரவளையில் இருந்த தம்பிக்கு ஒரு சாடியை அனுப்பக் கொண்டுவந்தார். என்ன சாமான் என்று கேட்டேன். "தண்ணிதாம்மா" என்றார். பண்டாரவளையில் தண்ணிக்கா பஞ்சம் என்று கேட்டேன். "இது நம்ம பட்டறைத் தண்ணி" என்றார். மூடியைத் திறக்கப் போனேன், மனுசன் ஐயோ என்று கத்திக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டார். தங்கத்தை உரசிப் பார்க்கிற திராவகம்! அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் பட்டறையில் அதற்குப் பெயரே தண்ணிதான். ஆகையால் உன்னிடம் ஒருவன் வந்து, வாசனைச் சாமான், பூசைச் சாமான், வீட்டுச் சாமான் என்றால் சிரித்துக்கொண்டே கேள்: "அது சரி அண்ணே, அதுக்குப் பேரு என்னா?"

தரத்தில் ஒன்று என்றால் மிகப் பொல்லாதது, மூன்று என்றால் கொஞ்சம் சாது. பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை நல்ல பிள்ளை, இங்கே தலைகீழ். நீ எப்போதும் வகுப்பில் கடைசிப் பக்கமாகவே இருந்தவன், உனக்கு இது சுலபமாகப் புரியும். பெயரைத் தேடும்போது சோம்பல் படாதே. ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் "வேறெங்கும் சொல்லப்படாதவை" என்று ஒரு வரி இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் எல்லாப் பெயரையும் போட்டுவிட்டு "மற்றும் உற்றார் உறவினர்" என்று போடுவதில்லையா, அது மாதிரி. தாய்மாமன் பெயரைப் போடாமல் அவரை உற்றார் உறவினரில் தள்ளிப் பார், என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். சொந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடு. இல்லவே இல்லை என்றால்தான் அந்த வரிக்குப் போ.

இப்போது ஆறாவது நிரலுக்கு வருகிறேன். எங்கள் கடையில் இருந்தது பழைய தமிழ் தட்டச்சு இயந்திரம். தாளைக் குறுக்கே வைத்தால் உருளைக்குள் போகாது. நெடுக்கே வைத்தால் ஐந்து நிரல்தான் அடங்கும். ஆறாவதை எப்படி நெருக்கிப் பார்த்தும் தாளைத் தாண்டி ஓடியது. கோணல் மாணலாக அடித்தால் என் கெட்டிக்காரத்தனம் என்னாவது? சுவரில் ஒட்டப் போகிறார்கள், நாலு பேர் பார்ப்பார்கள். "எதனோடு சேர்க்கக் கூடாது" என்ற அந்தக் கடைசி நிரலை அப்படியே விட்டுவிட்டேன். பெயர் இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, கட்டுகிற முறை இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். நீ எழுதியிருப்பதையேதான் நானும் நினைத்தேன். முதலாளி தாளைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி ஈக்கி" என்று மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நம் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றுகிற வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு தோட்டத்துக்கு ஒரு லொறி. யாருக்குப் போகிறது என்று பார்ப்பார்களே தவிர, என்ன போகிறது என்று பார்க்க மாட்டார்கள். நீ என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது என் அம்மா வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். அதே நாள் அவர்கள் இருந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கொடியேற்றம். சொந்தமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று என் அப்பா போட்ட திட்டம். அன்று காலை கோயிலுக்குக் கற்பூரத் தகரம், வெடிப் பெட்டி, கரி மூட்டை, நல்லெண்ணெய் எல்லாம் ஏற்றினார்கள். தோட்டத்து ஸ்டோருக்கு வந்திருந்த இரண்டு களைக்கொல்லி டிரம்மையும், அதே தோட்டம்தானே என்று பக்கத்தில் வைத்தார்கள். அந்தக் களைக்கொல்லிக்குச் சோடியம் குளோரேட்டு என்று பெயர் போட்டுச் சாமான் சீட்டை அடித்தவளே நான்தான். ஐந்து நிரலையும் சுவரில் பார்த்துச் சரி என்று கோடு போட்டேன். பிறகு பட்டுச்சேலையை இழுத்துக்கொண்டு உன் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பூவைச் சரிசெய்துகொண்டேன்.

பசறையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். ஒரு டிரம்மில் மழைத் தண்ணி இறங்கி, அடியிலிருந்து கசிந்து, பலகையில் உப்புப் பூத்ததைப் போல இருந்தது. உன் அப்பாவுக்குத்தான் லொறியில் ஒரு தூசு இருந்தாலும் பொறுக்காதே. ஒரு சாக்கை எடுத்து வழித்துத் துடைத்துவிட்டு, காயட்டும் என்று எஞ்சின் சூட்டில் சுட்டுக்கொண்டிருந்த பொனட்டின் மேல் விரித்தார். நாங்கள் வடையும் பிளேன்டீயும் முடித்து, சொந்தக்காரர்களைப் பற்றிப் புறணி பேசிக்கொண்டிருக்கிற நேரத்துக்குள் அது அப்பளமாகக் காய்ந்துவிட்டது. கடைக்கு வந்திருந்த ஒரு பெரியவர் லொறியில் சாய்ந்துகொண்டு பீடி பற்றவைத்தார். நெருப்புக்குச்சியை உதறிச் சாக்கின் பக்கம் போட்டார். குப்பென்று ஒரே மூச்சில் சாக்கு எரிந்து முடிந்துவிட்டது. சாக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன், புகைந்து புகைந்து சோம்பேறித்தனமாக எரியும். இது அப்படியில்லை. பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாடி!" என்று துள்ளினார். கையை எடுத்துப் பார்த்தால் வலது பக்கத்து மீசை இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உன் அப்பாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அடிக்காமல் விட்ட நிரல் ஒரு எழுத்துப் பிசகாமல் கண்முன்னால் வந்து நின்றது. குளோரேட்டு: கந்தகம், கரி, கற்பூரம், எண்ணெய், வெடிமருந்து ஆகியவற்றோடு சேர்க்கக் கூடாது. அது தானாக எரிகிற சாமான் இல்லை, மகனே. தனியாக இருந்தால் அது உப்பு மாதிரி சாது. பக்கத்தில் இருப்பது பற்றினால், அதற்கு மூச்சைக் கொடுத்து வெறிபிடிக்க வைப்பதுதான் அதன் குணம். உன் புத்தகத்தில் ஐந்தாம் வகுப்பு என்று போட்டிருக்கிறதே, அதுதான். சேரக்கூடாதது அத்தனையும் அந்த லொறிக்குள் இருந்தது. அத்தனைக்கும் முன்னால், ஒரு பலகைக்கு இந்தப் பக்கம், பதுளையிலிருந்து நீயும் நானும் உட்கார்ந்து வந்திருக்கிறோம்.

"இந்தாங்க, வண்டிய எடுக்காதீங்க" என்றேன்.

"எடுக்காம? கொடியேத்தத்துக்கு கற்பூரம் போகணும் புள்ள. அங்க ஒங்கம்மா வளையலோட காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அந்த டிரம்ம எறக்குங்க. இதெல்லாம் ஒன்னா போகக் கூடாது."

"பதுளையில இருந்து ஒன்னாத்தானே வந்துச்சு? ஒன்னும் ஆகலையே."

"ஆகியிருந்தா இப்படி கேக்கறதுக்கு நீங்க இருந்திருக்க மாட்டீங்க."

உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும். சொன்ன நேரத்துக்குச் சாமான் சேராத நாள் அவர் வாழ்க்கையிலேயே இல்லை. கோயில் காரியம் வேறு. அவர் முகம் சிவந்துவிட்டது. "சரி, நீ பஸ்ல வா. நான் மட்டும் மெதுவா கொண்டு போறேன், பத்துப் பன்னெண்டு மைல்தானே" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! பட்டுச்சேலையோடு லொறிக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். "எம்புள்ளைக்கு நான் மட்டும் போதுமா? அப்பா வேணாமா? என்மேல ஏத்திட்டுப் போங்க" என்று கத்தினேன். உட்கார்ந்தது என்னவோ உட்கார்ந்துவிட்டேன், அந்த வயிற்றோடு எழும்பத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கடைக்காரரின் மனைவி, சிங்களப் பெண், ஓடிவந்து, "அழ வேணாம் நங்கி, அழ வேணாம்" என்று கூடப்பிறந்த தங்கையைப் போலத் தூக்கிவிட்டாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. யாருடைய தவறு என்பதையும் அழுதுகொண்டே உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தாள் பத்தவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்றேன். அவர் பொனட்டின் மேல் இருந்த சாம்பலைத் தொட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "வாங்கய்யா, ஒரு கை குடுங்க" என்று அரை மீசைக்காரரையும் சேர்த்துக்கொண்டு டிரம்களை இறக்கினார்.

டிரம்கள் கடைக்குப் பின்னால் ஈரமண்ணில் தனியாக உட்கார்ந்தன. ஓடையிலிருந்து வாளி வாளியாகத் தண்ணி கொண்டுவந்து லொறியைக் கழுவினார்கள். நனைந்திருந்த கரி மூட்டையை நான் ஏற்ற விடவில்லை. அது எதில் நனைந்தது என்று யாருக்குத் தெரியும்? மற்றக் கோயில் சாமான்களை ஏற்றிக்கொண்டு உன் அப்பா மட்டும் போனார். கொடி ஒரு மணி நேரம் பிந்தித்தான் ஏறியது. கோயில் தலைவராக இருந்த கங்காணி கேட்டதற்கு, லொறி பழுது என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய் அன்றைக்குப் பிறந்ததுதான். திரும்பி வரும்போது லொறி நிறையப் பெண்கள், எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு, என் அம்மா, வளையல் தட்டு! தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் என்னை உட்காரவைத்து, எனக்கு முதல் வளையலைப் போட்டது அந்தச் சிங்களப் பெண். அவள் பாற்சோறு பொங்கிக் கொடுத்தாள். அரை மீசைக்காரர் மற்றப் பாதியையும் மழித்துக்கொண்டு வந்து, மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இந்தச் சிரிப்புப் பகுதி எல்லாம் உண்மை, அதில் உன் அப்பா ஒரு சொல் கூட்டவில்லை.

திரும்பி வந்ததும் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடும் என்று தயாராகத்தான் போனேன். அவர் சுவரிலிருந்த தாளைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்தரிக்கோலும் பசையும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துப் போட்டார். "மெசின் சின்னதுண்டா கடதாசிய பெருசாக்கோணும் புள்ள. சட்டத்த சின்னதாக்க ஏலா" என்றார். அவ்வளவுதான் அவர் திட்டியது. நான் ஒரு துண்டை வெட்டி ஓரத்தில் ஒட்டி, ஆறாவது நிரலைக் கையால் எழுதினேன். அதை மடித்து மடித்துத்தான் சுவரில் ஒட்ட முடிந்தது, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை, அதைப் பார்க்காமல் ஒரு லொறியும் கிளம்பவில்லை.

நீ பயப்படுகிற அளவுக்கு அது கஷ்டமில்லை. எண்களைப் பாடமாக்காதே. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வான் பிடித்தால் உன் பெரிய அத்தையையும் சின்ன மாமியையும் ஏன் ஒரே வானில் ஏற்ற மாட்டோம் என்று யோசித்துப் பார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். தனித்தனியே வைத்தால் தங்கம். ஒன்றாக ஏற்றினால் அப்புத்தளை வருவதற்குள் வான் பற்றி எரியும். எது எதைத் தூண்டும் என்று குணத்தைப் படி, எண் தானாக நிற்கும். பரீட்சையில் பாஸ் மார்க் போடுகிறவனுக்கு ஐந்து நிரல் போதும், ராசா. நீ கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வண்டியை ஓட்டுகிறவனுக்கு ஆறாவதும் வேண்டும். அவன் எந்த ஊர்க்காரனோ, எந்தப் பாசை பேசுகிறவனோ, அவனுக்குப் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்து வருகிறார்களோ, உனக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதலாளி கடையை மூடியபோது அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். இத்தனை வருடம் என் கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கிழியாமல் விரி, பசை காய்ந்துவிட்டது. குளோரேட்டு என்ற வரியைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் ஒட்டிய துண்டு வரைக்கும் விரலை ஓட்டிக்கொண்டு போ. கந்தகம், கரி, கற்பூரம், எண்ணெய், வெடிமருந்து என்று எழுதியிருக்கும். அவை சட்டத்தில் உள்ளவை. அதற்குப் பிறகு இன்னொன்று எழுதியிருக்கும். ஸ்டேசனிலிருந்து வந்த பட்டியலில் அது இல்லை. வயிற்றில் நீ உதைத்துக்கொண்டிருந்தபோது நானாகச் சேர்த்தது. "என் பிள்ளை" என்று இருக்கும்.

உன் அம்மா